மேக்கால திரும்புன டிஷ்

— காத்து எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எட்டடி டிஷ். நாலு பெரிய நட்டு. அடியில சீமெந்து. காத்துக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமோ?

— அப்ப கொரங்கா இருக்கும்ங்க.

— குரங்கோ?

— இங்க உள்ள கொரங்கு பொல்லாததுங்கய்யா. போன மாசம் கணக்கப்புள்ள வீட்டு யன்னல்ல கைய வுட்டு, சவரக் கண்ணாடிய தூக்கிட்டுப் போயிருச்சு. சவுக்கு மரத்து மேல ஒக்காந்து மூஞ்சி பாத்துக்கிட்டு இருக்கு. இவரு பாதி தாடியோட கீழ நின்னு கெஞ்சுறாரு. கண்ணாடி வச்சிருக்கிற கொரங்கு ஸ்பானர் வச்சிருக்காதா?

— பேச்சாயி அம்மா, நான் பதுளையில இருந்து ரெண்டு மணித்தியாலம் ஜீப்பில குலுங்கிக் குலுங்கி வந்தனான். குரங்கின்ர கதை கேக்க வரேல்லை. ஊவாவில இருக்கிற பன்ரண்டு டிஷ்ஷுக்கும் நான்தான் பொறுப்பு. கொழும்பில ஆரும், "தர்மராசா, கொஸ்லந்தை டிஷ் எங்க பாக்குது?" எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? குரங்கைக் கேளுங்கோ எண்டோ?

— ஐயா கோவப்படாதீங்க. இந்தப் பலகையில குந்துங்க. புள்ளைங்க தூங்குது, மெதுவாப் பேசுங்க. பிளேன்டீ ஊத்தட்டுமா?

— வேண்டாம். இந்தப் புள்ளக்காம்பராத் திறப்பு ஆரிட்ட இருக்கிறது?

— எங்கிட்டத்தாங்க. நாந்தானே ஆயா. பகல்ல தொட்டிலு, பொழுது சாஞ்சா டீவி. ரெண்டுக்கும் ஒரே சாவி.

— அப்ப உங்களுக்குத் தெரியாமல் ஒருத்தரும் டிஷ்ஷில கை வைச்சிருக்க ஏலாது. விளங்குதோ? சரி, அதுக்கு முதல் வேற ஒண்டு கேக்கிறன். இதை ஏன் கொண்டுபோய் கக்கூசுக்கு மேல வைச்சிருக்கு?

— அது நீங்க வச்சதுங்க.

— நானோ?

— ஐயா இல்ல, ஐயாவுக்கு முந்தி இருந்த ஐயா. அந்தக் கக்கூசும் ஒரு திட்டந்தாங்க. மூணு வருசத்துக்கு முந்தி வந்து பத்து ரூம்பு கட்டுனாங்க. வெள்ளக் கல்லு, கொங்கிறீட்டுக் கூர, ஒவ்வொரு ரூம்புக்கும் கொண்டி. தண்ணி மட்டும் அடுத்த வருசம்னாங்க. அடுத்த வருசம் இன்னும் வரல. நாங்க வெறகு அடுக்குனோம், ரெண்டு ரூம்புல ராசம்மா ஆடு கட்டுது. அப்புறம் டிஷ்சு கொண்டாந்த ஆளுங்க தோட்டம் பூரா சுத்திப் பாத்துட்டு, இந்தத் தோட்டத்துலயே கெட்டியான கட்டடம் இது ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க. பொய்யும் இல்லீங்க. தொர பங்களாவே ஒழுகுது.

— திறப்பு விழாப் படம் பாத்தனான். மேசை, மாலை, பூசாரி எல்லாம் நிக்கினம். கக்கூஸ் தெரியேல்லை.

— தெரியாதுங்க, சேலை கட்டி மறைச்சிட்டோம். பூசாரிதான் கடைசி வரைக்கும் மல்லுக்கு நின்னாரு. கக்கூசப் பாத்து தேங்கா ஒடைக்கமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. வந்திருந்த பெரியவங்களுக்கு வெயில்ல மண்ட காயுது. கடைசியில அவரு தேயிலயப் பாத்து திரும்பி நின்னு, தோளுக்கு மேல பின்னால வீசுனாரு. தேங்கா போய் ரிப்பன் புடிச்ச கிளாக்கர் கால்ல விழுந்துச்சு. அந்தப் படம் எடுக்கலீங்களா?

— அம்மா, என்னைச் சிரிக்க வைச்சு அனுப்பலாம் எண்டு நினைக்கிறியள். நடக்காது. இந்தா, இது கேள்விப் பத்திரம். நான் வாசிக்கிறன், நீங்கள் பதில் சொல்லுங்கோ. "மலைநாட்டுப் பழங்குடி மக்களின் அபிவிருத்திக்கான செய்மதித் தொலைக்காட்சி விரிவாக்கம். பயனாளிகளின் கருத்து."

— யாரு பழங்குடி?

— நீங்கள்.

— நானுங்களா?

— கடுதாசியில அப்பிடித்தான் கிடக்கு. உண்மையைச் சொன்னால், இது மஹியங்கனைக் காட்டுப் பக்கம் இருக்கிற வேடருக்கெண்டு வந்த சாமான். அவை வேண்டாம் எண்டிட்டினம். "எங்களைப் பாக்கவெண்டே நாளுக்கு மூண்டு வான் நிறைய ஆக்கள் வருகினம், அதுக்குள்ள நாங்கள் ஒரு பெட்டியைப் பாக்க எங்க நேரம்?" எண்டு அவையின்ர தலைவர் கேட்டவராம். சாமான் ஸ்டோரில கிடந்துது. வருசமும் முடியப்போகுது. பிறகு மேலிடத்தில இருந்து, மலையில இருக்கினம்தானே, இவையும் பழங்குடிதான் எண்டு எழுதிவிட்டினம்.

— அட போங்கய்யா. எங்க தாத்தா மண்டபத்துல கப்பலேறி வந்தாரு. அவருக்குப் பொறந்த எங்கப்பனையே, நீ இந்த நாட்டு ஆளு இல்ல, கெளம்புன்னாங்க. அப்பன் செத்து, நான் கெழவியாப் போற நேரத்துல, நீதான் இங்க ஆதியில இருந்தே இருந்தவங்குறீங்க. நடுவுல ஒரு எடமே கெடையாதா எங்களுக்கு?

— நான் எழுதினதில்லை, அம்மா.

— எழுதுனா எழுதிட்டுப் போங்க. டிஷ்சு குடுத்தா சரி. வில்லு அம்பு கேக்காம விட்டீங்களே.

— வாற செவ்வாய்க்கிழமை வெளிநாட்டு ஆக்கள் வருகினம் பாக்க. கேட்டாலும் கேப்பினம். சரி, முதலாம் கேள்வி. மாலை ஆறில இருந்து ஏழு மணி வரைக்கும் கிராம அபிவிருத்தி அலைவரிசையில நீங்கள் விரும்பிப் பாக்கிற நிகழ்ச்சி எது?

— மாடுங்க.

— மாடு?

— மாட்டுக்குப் புல்லு வெட்டுறது. ஒரு ஐயா பேன்டு சப்பாத்தெல்லாம் போட்டுக்கிட்டு, மாட்டுக்கிட்ட நின்னு, இப்படி வெட்டணும், அப்படிக் காய வைக்கணும்னு சொல்லுவாரு. மாடு அவர நம்பவே இல்லீங்க. புல்ல நீட்டுறாரு, அது மூஞ்சியத் திருப்பிக்குது. அவரு அந்தப் பக்கம் போறாரு, அது இந்தப் பக்கம் திரும்புது. நாங்க வவுறு வலிக்கச் சிரிச்சோம்.

— அதிலயிருந்து என்ன படிச்சனீங்கள்?

— மாட்டுக்கும் ஆளு தெரியும்னு.

— ரெண்டாம் கேள்வி. கொதித்தாறின நீர்.

— அதுவும் பாத்தோங்க. வெள்ளச் சேலை கட்டுன அம்மா ஒருத்தங்க வந்து, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க, கொதிக்க வச்சுக் குடிங்கன்னு தெனம் சொல்லுவாங்க. தண்ணி எங்கருந்து எடுக்கிறதுன்னு ஒரு நாளும் சொல்லல. பீலிக்கரையில ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னு ஒரு கொடம் எடுத்தா, அதக் கொதிக்க வைக்கவா மனசு வரும்? அதுல பாதி ஆவியாப் போயிருமே.

— இதையெல்லாம் எப்பிடி நான் ஒரு கட்டத்துக்குள்ள எழுதுறது? சரி. மூண்டாம் கேள்வி. இந்த நிகழ்ச்சிகளைக் கடைசியாப் பாத்தது எப்ப?

— முந்தாநேத்து.

— முந்தநாள் என்ன போச்சுது?

— மாடுதாங்க.

— மாட்டு நிகழ்ச்சி நிப்பாட்டி நாலு மாசம், அம்மா. மாடு செத்துப்போச்சுது.

— அய்யய்யோ. அந்த நல்ல மாடா?

— பேச்சாயி அம்மா, என்னை ஒருக்கா நிமிந்து பாருங்கோ. எங்கட செய்மதி கிழக்க நிக்குது. உங்கட டிஷ் மேற்கைப் பாத்துக்கொண்டு நிக்குது. கம்பி போட்டு இறுக்கியும் கட்டியிருக்கு. அதுக்கு முண்டு குடுத்திருக்கிறது கொழுந்து மட்டம் பாக்கிற மட்டக்கம்பு. நான் கூரையில ஏறிப் பாத்திட்டுத்தான் இறங்கி வாறன். எனக்கு வந்த ஓடரைச் சொல்லுறன், கேளுங்கோ. இந்த ஒரு மணித்தியாலத்தை ஆக்கள் பாக்கேல்லை எண்டு தெரிஞ்சால், டிஷ்ஷையும் டீவியையும் கழட்டி மொனராகலைப் பக்கம் குடுக்க வேணும். திங்கள் லொறி வரும். விளங்குதோ?

— கழட்டாதீங்கய்யா.

— அப்ப உண்மையைச் சொல்லுங்கோ.

— நாங்கதான் திருப்புனோம்.

— நாங்கள் எண்டால்?

— பதினோரு பொம்பளைங்க. பதினோரு பேருக்கும் வெளிநாட்டுல புள்ளைங்க இருக்குங்கய்யா. ராசம்மா மக குவைத்து. மேட்டு லயத்து மாரியாயிக்கு லெபனான்ல ஒண்ணு, துபாய்ல ஒண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணு, சவூதியில. சுதர்ஷினி.

— அதுக்கும் டிஷ்ஷுக்கும் என்ன சம்பந்தம்?

— ஐயாதான் சொன்னீங்க. அந்த ஐயா, ஐயாவுக்கு முந்தி இருந்தவரு. டிஷ்சு பூட்டுற அன்னைக்கி ராசம்மா சும்மா கேட்டுச்சு, இது எந்த ஊரெல்லாம் புடிக்கும்னு. அவரு பெருமையா, "இப்பிடித் திருப்பினா சீனா, அப்பிடித் திருப்பினா அரபி நாடு, நான் கிராம அபிவிருத்தியப் பாத்து பூட்டியிருக்கேன்"னாரு. அவரு போய்ட்டாரு. அந்த சொல்லு போகல. ரெண்டு மாசம் மாட்டப் பாத்தோம். மாட்டப் பாக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திருப்பினா அரபி நாடுன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு ஞாயித்துக்கெழம ராசம்மா குழி தோண்டுற அலவாங்கோட வந்து நின்னுச்சு. ஆட்டுக்கு மொளக்குச்சி அடிக்கப் போறேன்னு ஊருக்கு ஒரு சாட்டு.

— அலவாங்கால செய்மதி பிடிச்சனீங்களோ?

— மூணு ஞாயித்துக்கெழம ஆச்சுங்க. நாலு பேரு கூர மேல. ரெண்டு பேரு ஏணியப் புடிச்சிக்கிட்டு. ஒருத்தி இந்த வாசல்ல நின்னு பொட்டியப் பாத்து சத்தம் போடுவா. மயிரளவு நகட்டு, நிப்பாட்டு, நம்பரு மாத்து, ஒண்ணுமில்ல, இன்னும் மயிரளவு நகட்டு. மொத ஞாயிறு பூரா பொட்டியில மழதான். ரெண்டாம் ஞாயிறு ஒரு சீனாக்காரி சமைச்சா. பாம்போ மீனோ, நல்லாத்தான் வதக்குனா. மூணாம் ஞாயிறு ஒரு பாதிரியாரு வந்தாரு, அப்புறம் பந்தடிக்கிறவங்க வந்தாங்க. கையெல்லாம் பொத்துப்போச்சு. போதும்டி, திரும்பவும் மாட்டுக்கே போயிருவோம்னு நான்தான் சொன்னேன். அப்பத்தான் வாசல்ல நின்ன மாரியாயி கத்துனா, மண்ணு வந்திருச்சு, மண்ணு வந்திருச்சுன்னு. எறங்கி ஓடியாந்து பாத்தா, கண்ணுக்கெட்டுற வரைக்கும் மண்ணு. ஒரு தேயில இல்ல, ஒரு மரமில்ல. தலையில வெள்ளத்துணி போட்ட ஆளு ஒருத்தரு நிக்கிறாரு. எல்லாரும் அழுதுட்டோம்ங்க. அன்னைக்கிக் கட்டுன கம்பிதான் அது.

— நான் ரெண்டு வருசம் கொழும்பில படிச்ச ரெக்னீசியனைக் கொண்டுவந்தும் பண்டாரவளை டிஷ் இன்னும் சரி வரேல்லை. நீங்கள் அலவாங்கால பிடிச்சிருக்கிறியள்.

— பண்டாரவளைக்கு வேணும்னா நாங்க வர்றோம். ஒரு நாள் சம்பளத்துக்குப் பேருதான் போடணும்.

— பகிடி இருக்கட்டும். என்னத்தைப் பாக்கிறியள் அதில? அரபு விளங்குமோ உங்களுக்கு?

— கண்ணு இருக்கே. ஆறரைக்கு அங்க நியூசு வரும். அப்ப ரோட்டக் காட்டுவாங்க, கடையக் காட்டுவாங்க, ஆஸ்பத்திரியக் காட்டுவாங்க, கூட்டமா ஆளுங்க போறதக் காட்டுவாங்க. அதுல எங்க புள்ளைங்க இருக்கான்னு பாப்போம். மொதல்ல எல்லாரும் எல்லாத்தையும் பாத்தோம், ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியல, படம் ஓடிப்போயிருது. அப்புறம் நெர பிரிச்சிக்கிட்டோம்.

— என்ன பிரிச்சனீங்கள்?

— நெரங்க. மலையில கொழுந்தெடுக்கப் போனா கங்காணி ஆளுக்கு ஒரு நெர குடுப்பாருல்ல, ஒன் நெரய நீ பாரு, அடுத்தவ நெரயில கை வைக்காதன்னு. அந்த மாதிரி பொட்டியப் பிரிச்சிக்கிட்டோம். மேல் நெர ராசம்மாவும் இன்னும் மூணு பேரும். அடி நெர மாரியாயி கூட்டம். நடு நெர நானு. மேல் நெரக்காரி மேலதான் பாக்கணும். கூட்டம் காட்டுனா அவ அவ நெரயில மூஞ்சி மூஞ்சியாப் பொறுக்குவா. எங்கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. முப்பது வருசம் ரெண்டு எலையும் மொட்டும் பாத்துப் பாத்து எடுத்த கண்ணு.

— ஆரையும் கண்டனீங்களோ?

— ராசம்மா ரெண்டு தரம் கண்டுபுடிச்சா. மொத தரம் பாத்தா அது ஒரு அரபிக்காரி. ரெண்டாம் தரம் கடை பொம்மை.

— அவை கதைக்கிறது என்னெண்டு ஆர் சொல்லுறது?

— அதுக்கு புஹாரி நானாவக் கூட்டியாந்தோம். டவுன்ல சில்லறக்கட வச்சிருக்காரே, அவரு. அரபு ஓதுறவராச்சே, தெரியும்னு நெனச்சோம். அவரும் தெரியாதுன்னு சொல்லல. முன் வரிசையில நாக்காலி போட்டு, டீ குடுத்து, ஒக்கார வச்சோம். நல்லாத்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு. அங்க மழை பெஞ்சிருக்கு, ராசா வீட்டுல கல்யாணம், வெளிநாட்டுல இருந்து வந்து வேல செய்ற புள்ளைங்க எல்லாம் சொகமா இருக்காங்க. தெனமும் கடைசியில அத ஒண்ணு சொல்லிருவாரு, புள்ளைங்க எல்லாம் சொகம்னு. நாங்களும் நிம்மதியா வீட்டுக்குப் போவோம். ஒரு நாளு ஒரு பெரிய மாடிக் கட்டடம் தீப்புடிச்சு எரியுது, மணியடிச்சிக்கிட்டு வண்டி ஓடுது, நானா சொல்றாரு, பெருநாளு சமையல் நடக்குதுன்னு.

— பிறகு?

— ராசம்மா நாக்காலியோட அவரத் தூக்கிருச்சு. மனுசன் கையெடுத்துக் கும்புட்டாரு. எனக்கு ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது, ஒங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதுன்னு சொல்ல வாய் வரலன்னாரு. திட்டுனோம். ஆனா அடுத்த நாளும் வந்து அதே நாக்காலியில ஒக்காந்தாரு. கடைசியில, புள்ளைங்க எல்லாம் சொகம்னாரு. நாங்க சொல்லட்டும்னு விட்டுட்டோம்.

— உங்கட மகளிட்ட இருந்து கடிதம் வாறதில்லையோ?

— மொத வருசம் வந்துச்சு. மாசத்துக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் நின்னுபோச்சு. தீபாவளி ஒண்ணு போய், அடுத்த தீபாவளியும் வரப்போகுது. பதுளைக்குப் போயி ஏஜன்சியத் தேடுனேன். அந்த எடத்துல இப்ப மெத்த விக்கிறாங்க. மெத்தக் கடைக்காரன்கிட்ட எம்மகள எங்கன்னு கேட்டு சண்ட புடிச்சேன். பாவம், அவன் ஒரு தலகாணி குடுத்து அனுப்பி வச்சான்.

— எத்தினை வயசு பிள்ளைக்கு?

— போகும்போது பதினெட்டு. இப்ப இருவது முடிஞ்சிருச்சு. போற அன்னைக்கி பஸ்சுல யன்னலோரம் எடம் புடிச்சுக் குடுத்தேன். திரும்பிப் பாக்கவே இல்ல. பாத்தா அழுதுருவேன்னு பாக்காம இருந்தாளாம், மொதக் கடுதாசியில எழுதியிருந்தா.

— பேரையும் விலாசத்தையும் ஒரு துண்டில எழுதித் தாங்கோ. பதுளையில வெளிநாட்டு வேலைக்குப் போறவையின்ர விசயம் பாக்கிற ஒப்பீஸ் ஒண்டு இருக்கு. எனக்கு அங்க தெரிஞ்ச ஆள் இருக்கு. விசாரிக்கிறன்.

— வேணாம்ங்கய்யா.

— ஏன் வேண்டாம்?

— எழுத வேணாம்ங்க. நீங்க டிஷ்ச மட்டும் விட்டுட்டுப் போனா போதும்.

— விசித்திரமான ஆள் நீங்கள். ஒப்பீசில கேக்க வேண்டாம், ஆனா டீவியில தேடுவியள். அம்மா, கோவிக்காதேங்கோ, ஒரு வீட்டுக்குள்ள சமைச்சுக்கொண்டு நிக்கிற பிள்ளை எப்பிடி நியூசில வரும்?

— எங்களுக்கு அது தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? பதினோரு பேருக்கும் தெரியும்ங்கய்யா. நியூசு முடிஞ்சதும் வெயில் எவ்வளவுன்னு போடுவாங்க. ஊருப் பேரு அரபுல இருக்கும், நம்பரு மட்டும் நமக்குத் தெரிஞ்ச நம்பரு. மூணாவது வரி சவூதி, நேத்து நாப்பத்தாறு. இங்க எனக்கு ரெண்டு கம்பளி போத்தியும் நடுங்குது. எம்புள்ள நாப்பத்தாறுல நிக்குது. நான் வேற என்னத்தத் தெரிஞ்சுக்க முடியும் அவளப் பத்தி? தின்னாளா, தூங்குனாளா, அடிக்கிறாங்களா, ஒண்ணும் தெரியாது. நாப்பத்தாறு தெரியும். அதையாச்சும் தெரிஞ்சுக்கிட்டுப் படுத்தா தூக்கம் வருது. அத எடுத்துட்டுப் போயிராதீங்க.

— நான் ஒரு வழி சொல்லுறன். ஆறு தொடக்கம் ஏழு வரைக்கும் மட்டும் கிழக்க திருப்புங்கோ. மற்ற நேரம் நான் கண்டுகொள்ளமாட்டன்.

— ஆறரைக்குத்தானேங்க நியூசு. அதோட, திருப்புனா திரும்பப் புடிக்க மூணு ஞாயித்துக்கெழம வேணும்.

— எங்கட நிகழ்ச்சியும் அந்த ஒரு மணித்தியாலம்தான். மிச்ச நேரம் வெறும் கோடு.

— அப்ப செவ்வாய்க்கெழம மட்டும் திருப்புறோம். வெள்ளக்காரங்க வரட்டும். மாடு செத்ததுக்கு வேணும்னா ஒப்பாரி வச்சுக் காட்டுறோம். அவங்க போனதும் நாங்க பாட்டுக்கு மேக்கால திருப்பிக்கிறோம்.

— செவ்வாய்க்கிழமை எண்டால் இண்டைக்கே திருப்ப வேணும், அம்மா. சரி பாத்து, படம் எடுத்து, நாளைக்குக் கொழும்புக்கு அனுப்ப வேணும். இல்லையெண்டால் லொறி. என்ர கையில இதுக்கு மேல ஒண்டும் இல்லை. எனக்கும் இது விளங்காமல் இல்லை. என்ர அம்மா யாழ்ப்பாணத்தில இருக்கிறா. சண்டையால ரெலிபோன் இல்லை. அங்கத்தை மழை வெயில் எனக்கும் தெரியாது.

— அதுக்கும் ஒரு பக்கம் திருப்பிப் பாக்கலாமேங்க.

— அந்தப் பக்கத்தில செய்மதி இல்லை. வேலி மட்டும்தான்.

— சரிங்கய்யா. கெழக்க திருப்புறோம். ராசம்மா கொழுந்து நிறுத்துட்டு வரட்டும், அலவாங்கு அவகிட்ட இருக்கு. இன்னும் மூணு ஞாயித்துக்கெழம போனாப் போகுது. டிஷ்சு இருந்தா திருப்பிக்கலாம். இல்லாட்டி எதத் திருப்புறது?

— நன்றி. நீங்கள் ஒத்துழைச்சனீங்கள் எண்டு எழுதுறன். மாட்டைப் பற்றி எழுதேல்லை. பிறகு, போக முன்னம் இன்னொரு சின்ன அலுவல். எங்கட திட்டத்தின்ர வேலை இல்லை. கொழும்பில இருந்து ஒரு பட்டியல் வந்தது. இந்தப் பக்கம் ஜீப் போகுதெண்டு என்ர தலையில கட்டிவிட்டினம். இந்த டிவிசனில முஸ்லிம் குடும்பம் ஏதும் இருக்கோ?

— இல்லீங்களே. லயத்துல எல்லாம் எங்க ஆளுங்கதான்.

— முந்தியும் இருக்கேல்லையோ? இப்றாஹீம் எண்டு ஒருத்தர்?

— நான் பொறந்ததே இந்த லயத்துலதாங்க. அப்படி ஒருத்தரும் இருந்ததில்ல. எதுக்குங்க?

— நானும் அப்பிடித்தான் எழுதப்போறன். தோட்டத்து ஒப்பீசிலயும் காலமை அதைத்தான் சொன்னவை. அப்பிடி ஆள் இல்லையெண்டு ரெண்டு கடிதத்தைத் திருப்பியும் அனுப்பியிருக்கினம். பெட்டைதான் பாவம்.

— எந்தப் பொண்ணுங்க?

— சவூதியில எங்கட தூதரகத்து விடுதியில ஒரு பிள்ளை நிக்குது. வேலை செய்த வீட்டு மாடியில இருந்து விழுந்து, கால் முறிஞ்சு, ஆஸ்பத்திரியில கனகாலம் கிடந்து வந்ததாம். கால் இப்ப சுகம். ஆனா வாய் திறந்து ஒரு சொல்லும் கதைக்குதில்லையாம். கடுதாசியில உள்ளதுதான் தெரியும். ஏஜன்சிப் படிவத்தில இந்தத் தோட்டமும் இந்த டிவிசனும் எழுதிக் கிடக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, எங்கட பிள்ளைதான் எண்டு கையெழுத்து வைச்சால் உடன அனுப்பி வைக்க ஆயத்தமாம். எங்கட அலைவரிசையில நாலு மாசமா வாசிக்கினம், அம்மா. தோட்டத்தின்ர பேரையும் சொல்லி, ஒவ்வொரு நாளும் ஆறே முக்காலுக்கு. ஒருத்தரும் கேட்டு வரேல்லை.

— ஆறே முக்காலுக்கா?

— ஓம். கொதித்தாறின நீருக்குப் பிறகு.

— பேரு என்னங்கய்யா?

— றஷீதா. வயசு இருபத்தாறு. தகப்பன் இப்றாஹீம். இந்த வரியை அடிச்சுப்போட்டு நான் வெளிக்கிடுறன். பேனையை விடுங்கோ. அம்மா, பேனையை ஏன் பிடிச்சிருக்கிறியள்?

— அடிக்காதீங்கய்யா.

— ஏன், இப்றாஹீமைத் தெரியுமோ?

— தெரியாதுங்க. பாஸ்போட்டுல பொய் எழுதியிருந்தா ஜெயில்ல போடுவாங்களா?

— ஆரின்ர பாஸ்போட்டில?

— அந்த நாட்டு வீட்டுக்காரங்க முஸ்லிம் புள்ளதான் கேப்பாங்க, வயசும் பத்தாதுன்னு ஏஜன்சிக்காரனே பேரையும் வயசையும் மாத்தி எழுதுனான், வெளியில சொன்னா ஒன்னையும் ஒம்மகளையும் உள்ள போட்டுருவாங்கன்னு என் வாயையும் கட்டிப்புட்டான். என்னைய உள்ள போட்டாலும் போடுங்கய்யா, அந்த றஷீதாவுக்கு நான் வச்ச பேரு சுதர்ஷினி.